மணமும் விதியும்: பாத்திர ஆட்டம் ஒன்றை வடிவமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கட்டை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்தை இங்கே பாத்திர ஆட்டம் என்று குறிப்பிடுகிறேன். ரோல்பிளேயிங் கேம் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே வாசித்துக்கொள்ளலாம். களம், உறவு, பேச்சு, பொருள் ஆகியவை சேர்ந்து தரும் உணர்வை மணம் என்றும், எப்போது உருட்டுவது, எதைச் செலவழிப்பது, யார் சொல் செல்லும் என்பவற்றைத் தீர்மானிக்கும் பகுதியை விதி என்றும் அழைக்கிறேன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட வருபவர்களில் சிலர் தாமே ஓர் ஆட்டம் எழுதி எடுத்துவருவார்கள். அவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் செட்டிநாட்டு வீட்டைப் பற்றி முப்பது பக்கம் எழுதிவிட்டு, வேறெங்கோ கற்ற விதியை அதன்மேல் ஒட்டுகிறார்கள். மற்றவர்கள் கணக்கைக் கச்சிதமாக முடித்துவிட்டுக் கடைசி இரவில் ஊர்ப்பெயர்களைத் தூவுகிறார்கள். இரண்டிலும் குறை வேலையின் வரிசையில் இருக்கிறது. மணத்துக்குப் பாதி, விதிக்குப் பாதி என்று தராசு பிடித்துச் சமநிலை கொண்டுவர முடியாது. ஆட்டக்காரர் ஒரு முடிவெடுக்கும் நொடியில் இரண்டும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும். அந்த நொடியை முதலில் கண்டுபிடித்து, மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்டுவதற்கான வரிசையே கீழே உள்ளது.

எடுத்துக்காட்டாக, நான் எழுதித் திருத்திய 'நாலாவது கையெழுத்து' என்ற ஆட்டத்தையே கடைசிவரை பயன்படுத்துகிறேன். ஒரு பழைய வீட்டுக்கு நான்கு வாரிசுகள்: மூத்த அண்ணன், சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, ஊரிலேயே தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கடைசித் தம்பி, இறந்துபோன இன்னொரு தம்பியின் மனைவியான ஆச்சி. வீட்டை விற்பதா, பழுதுபார்ப்பதா, பூட்டிப்போடுவதா என்று ஒரே பகலில் முடிவெடுக்க வேண்டும். முழு வீட்டையும் விற்க நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பத்து ஏ4 தாள், இருபது புளியங்கொட்டை, ஒரு கடிகாரம், மூன்று முறை வந்து ஆடுவதாக ஒப்புக்கொண்ட நான்கு பேர் ஆகியவை போதும். ஆட்களை முன்பே பேசிவைப்பது முக்கியம். எழுதி முடித்த பிறகு ஆள் தேடுபவர், அதற்குள் தன் எழுத்தின்மீது பாசம் வைத்துவிடுவதால் எதையும் வெட்ட மனம் வராமல் நிற்பார்.

உருட்டுவதற்கு எதைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்தது. நான் பித்தளைத் தாயக்கட்டை இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் நான்கு நீளப் பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும்போது எழும் சத்தத்துக்கே மேசை அமைதியாகிவிடுகிறது என்பது கூடுதல் லாபம். தாயக்கட்டை கிடைக்காதவர்கள் ஆறு பக்கப் பகடையை உருட்டி, 4 விழுந்தால் வெறுமை என்றும், 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுவது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் தலைமுறையாகக் கிடக்கும் கட்டைகள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கக்கூடும். ஒவ்வொரு கட்டையையும் தனியாக 100 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 25 முறை விழ வேண்டும். 16-க்குக் கீழோ 34-க்கு மேலோ போனால் அந்தக் கட்டையை விளக்குமாடத்திலேயே வைத்துவிடுங்கள். சோழியில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஒவ்வொரு சோழியும் ஒவ்வொரு விதமாகக் கவிழும் என்பதால், கணக்குப் போட்டு வடிவமைக்கும் ஆட்டத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

2. வினையை முதலில் எழுதுதல்

ஆட்டக்காரர் மூன்று மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யப்போகும் வினை எதுவோ, அதையே வெறும் தாளில் முதலில் எழுத வேண்டும். களம், காலம், வரைபடம் எல்லாம் பிறகு வரட்டும். 'நாலாவது கையெழுத்து' ஆட்டத்தில் நான்கு வினைகள் உள்ளன: கேட்பது, மறுப்பது, மறைப்பது, விட்டுக்கொடுப்பது. இந்த நான்கையும் நான்கு பாத்திரங்களும் செய்ய முடியும்.

இந்த இடத்தில் நானே ஒருமுறை வசமாகச் சறுக்கினேன். இதற்கு முன்பு பர்மாவில் வட்டிக்கடை நடந்த ஒரு கிட்டங்கியை வைத்து ஓர் ஆட்டம் எழுதினேன். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அங்கிருந்த படிநிலையை அப்படியே பாத்திரங்களாக்கி, 28 பக்கம் எழுதி, பேரேட்டுத் தாள்கூடத் தயாரித்திருந்தேன். ஆட்டம் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து, பெட்டியடிப் பையனாக உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர், "அண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். கடன் கொடுப்பது என்ற ஒரே வினைதான் அந்த ஆட்டத்தில் இருந்தது. அதுவும் மேலாளிடம் மட்டும் இருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வினைகளை எழுதியதும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இதைச் செய்தால் எது கிடைக்கும், எது போகும்' என்று ஒரு வரி எழுதுங்கள். போவது எதுவும் இல்லாத வினையை அடித்துவிடலாம். இழப்பு இல்லாத இடத்தில் முடிவும் இல்லை. ஆட்டக்காரர் அதை யோசிக்காமலே செய்துவிடுவார்.

3. மணத்தைக் கொட்டிப் புடைத்தல்

இப்போது களத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொட்டுங்கள். கால் மணி நேரத்தில் எனக்கு முப்பத்துச் சொச்சம் சீட்டுகள் வந்தன. ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், பர்மாத் தேக்குத் தூண், பெட்டகம், பெல்ஜியம் கண்ணாடி, வாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அமைப்பு, நடுமுற்றமான வளவைச் சுற்றி மணமான மகன்களுக்குப் பங்கிட்ட அறைகள், ஐயாவின் படம், எனாமல் பாத்திரங்கள், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் என்று போயிற்று.

பிறகு ஒவ்வொரு சீட்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'இது தெரிந்தால் ஆட்டக்காரர் வேறு முடிவெடுப்பாரா?' ஆம் என்றால் அது விதியாகும் குவியலுக்குப் போகும். இல்லை, ஆனால் ஒரே வாக்கியத்தில் சொன்னால் இடம் கண்முன் வரும் என்றால் நடத்துபவர் (பாத்திரம் ஏற்காமல், களத்தை விவரித்து ஆட்டத்தை நடத்திச்செல்பவர்) வாயில் வரும் குவியலுக்குப் போகும். இரண்டும் இல்லையென்றால் அதை நோட்டுக்குள் மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

தேக்குத் தூணை விற்கலாம். காரைக்குடியில் பழம்பொருள் கடை வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூணைக் கழற்றி விற்றால் கூரையை ஒட்டுப்போடப் பணம் வரும், ஆனால் வீடு குறைந்துபோகும். அங்கே ஒரு முடிவு இருப்பதால் தூண் விதியாயிற்று. ஆத்தங்குடிக் கல்லால் எந்த முடிவும் மாறவில்லை. 'வெயிலிலிருந்து உள்ளே வந்து செருப்பில்லாமல் நின்றதும் காலில் ஏறும் குளிர்ச்சி' என்ற ஒரு வாக்கியமாக அது நடத்துபவருக்குப் போயிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி அந்தக் கல்லை எப்படி வார்க்கிறார்கள் என்று நான் ஆசையாக எழுதியிருந்த இரண்டு பத்திகள் நோட்டுக்குள் போயின. வலிக்கத்தான் செய்தது.

பலகாரப் பட்டியலில் புதியவர்கள் நெடுநேரம் தங்கிவிடுகிறார்கள். பதினைந்து பலகாரங்களின் பெயரை நடத்துபவர் வாசித்தால் ஆட்டக்காரர் காதில் ஒன்றும் தங்காது. ஒன்றே ஒன்றைச் சொல்லி, அதை யார் யாருக்குப் பரிமாறாமல் விட்டார் என்று சேர்த்துச் சொன்னால் மேசையே நிமிர்ந்து உட்காரும்.

4. ஒரே ஒரு மைய விதியை அமைத்தல்

வினைகளில் எதற்கு எதிர்ப்பு அதிகமோ அதற்கு மட்டும் உருட்டல் வையுங்கள். என் ஆட்டத்தில் அது கேட்பது: கொடுக்க மனமில்லாத ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது மட்டும் இரண்டு கட்டைகளையும் உருட்ட வேண்டும். நான்கு வினைக்கும் நான்கு உருட்டல் விதி வைத்தால், ஆட்டக்காரர் பாத்திரத்தை விட்டுவிட்டு 'இப்போது எந்த விதி' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இரண்டு தாயக்கட்டையில் மொத்தம் 16 சேர்க்கைகள். இரண்டும் வெறுமையாக விழுவது 1 வழி. தாய விளையாட்டில் அதைப் பன்னிரண்டு என்று எண்ணுவோம். தாயம், அதாவது 1, விழுவதற்கு 2 வழி. 2 விழுவதற்கு 3. 3 விழுவதற்கு 4. 4 விழுவதற்கு 3. 5 விழுவதற்கு 2. 6 விழுவதற்கு 1. இந்தப் பட்டியலை நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு 1, 5, 6, 12 ஆகியவை நல்ல விழுச்சிகள்; அவை விழுந்தால் மறுபடி உருட்டும் உரிமை உண்டு. தாயம் விழுந்ததும் வரும் அந்த மகிழ்ச்சியை வீணாக்கக் கூடாது என்பதால், இந்த நான்கும் விழுந்தால் கேட்டது கிடைக்கும், மற்றவை விழுந்தால் கிடைக்காது என்று முதலில் எழுதினேன். மணத்தைப் பொறுத்தவரை சரிதான். கணக்கை அப்போது நான் பார்க்கவில்லை. நல்ல விழுச்சிகள் 16-க்கு 6, அதாவது 37.5 விழுக்காடு, மீதி 62.5 விழுக்காடும் மறுப்பு. கேட்பவர் கேட்க, எதிரில் இருப்பவர் மறுக்க, ஒரு மணி நேரம் எதுவும் நகரவில்லை.

விழுச்சிகளின் மணத்தைத் தொடாமல், நடுவில் இருந்த 2, 3, 4 மட்டும் திருத்தப்பட்டன. 2 அல்லது 4 விழுந்தால் கேட்டது கிடைக்கும், ஆனால் கொடுத்தவர் மனத்தில் ஒரு தாங்கல் தங்கும். 3 விழுந்தால் மட்டும் மறுப்பு. இப்போது முழு வெற்றி 37.5 விழுக்காடு, தாங்கலோடு கூடிய வெற்றி 37.5, மறுப்பு 25. நான்கில் மூன்று முறை கதை நகர்கிறது. அப்படி நகர்வதில் பாதி முறை யாருக்கோ ஒரு கசப்பு மிஞ்சுகிறது. குடும்பப் பேச்சுவார்த்தையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

திறமை உள்ள பாத்திரத்துக்கு, விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொடுக்கும் ஆசை இங்கே எல்லோருக்கும் வரும். இந்த அமைப்பில் அது வேலை செய்யாது. 1 நல்லது, 2 சுமார், 3 கெட்டது, 4 சுமார், 5 நல்லது என்றிருக்கும்போது ஒன்றைக் கூட்டினால் தாயம் விழுந்தவருக்கு நட்டம் வரும். கூட்டல் விதி வேண்டுமானால், எண் ஏற ஏற நன்மையும் ஏறும் அமைப்பைத்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் கூட்டலின் மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இருபது பக்கப் பகடையில் ஒன்றைக் கூட்டுவது பொதுவாக 5 விழுக்காட்டுக்குச் சமம். ஆறு பக்கப் பகடை இரண்டில் 7 அல்லது அதற்கு மேல் வேண்டியவருக்கு 58.3-லிருந்து 72.2 ஆகும், 11 வேண்டியவருக்கு 8.3-லிருந்து 16.7 மட்டும் ஆகும். ஒரே '+1' ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் இருப்பதை அறியாமல், 'இவர் பேச்சில் வல்லவர்' என்று எழுதினால் அந்த மணம் விதியில் வந்து சேராது.

கூட்டலுக்குப் பதிலாக, ஒரு கட்டையை மட்டும் எடுத்து மறுபடி உருட்டும் உரிமையை வைத்தேன். 3 விழுந்த பிறகு எந்தக் கட்டையை எடுத்து உருட்டினாலும் மறுபடி 3 ஆவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான் என்பதால், மறுப்பு 25 விழுக்காட்டிலிருந்து 6.25-க்கு இறங்குகிறது. ஒரு கட்டை மேசையில் அசையாமல் கிடக்க, மற்றது உருளும் அந்தச் சில நொடிகள் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை.

5. கைமாறும் பொருளைச் சேர்த்தல்

உருட்டலின் விளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த காட்சிக்குள் மறந்துபோகும். தாங்கல் ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை. விட்டுக்கொடுத்தவர் அதை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்வார். பின்னால் அவர் எதையாவது கேட்டு 3 விழும்போது, அந்தக் கொட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு கட்டையை மறுபடி உருட்டலாம். ஆனால் கொடுக்கும்போது, அன்றைக்குத் தான் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "சாவியக் கேட்டப்ப ஒரு வார்த்தை பேசாமக் குடுத்தேன்ல, அண்ணே?" என்று கடைசித் தம்பி சொல்லும் இடத்தில் மணமும் விதியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

செலவழிக்காமல் வைத்துக்கொள்ளவும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அப்போதுதான் அது முடிவாகும். கடைசிக் காட்சியில் யார் முன்னால் குறிப்பிட்ட அளவு கொட்டை இருக்கிறதோ அவர் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்று வைத்தேன். முதலில் அந்த அளவு ஐந்து. மூன்று முறை ஆடியும் யாரும் ஐந்தைத் தொடவில்லை. காரணம் கணக்கிலேயே இருந்தது: ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 12 உருட்டல்கள் நடக்கின்றன, அதில் 37.5 விழுக்காடு என்றால் மொத்தமாகவே நான்கைந்து கொட்டைகள்தான் வெளியே வரும், அதுவும் நான்கு பேருக்குப் பிரிந்து. அளவை இரண்டாகக் குறைத்ததும், கடைசி அரைமணி நேரத்தில் எல்லோரும் எதிரில் இருப்பவரின் கொட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். எந்த எல்லையை வைப்பதற்கு முன்பும், ஓர் ஆட்டத்தில் எத்தனை வரும் என்பதைப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

விற்கக்கூடிய பொருள்களும் இப்படித்தான். வீட்டுத் தாளில் ஆறு பொருள்களை எழுதி, ஒன்றை விற்று அடித்தால் உருட்டாமலே சம்மதம் பெறலாம் என்று வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு, சென்னைத் தம்பியாக ஆடியவர் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறையும் விற்றுத் தீர்த்தார். கட்டையை யாரும் தொடவே இல்லை. இப்போது தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பெட்டகம் என மூன்றே பொருள்கள். மூன்றாவதை அடிக்கப் பேனாவை எடுப்பவரின் கை தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

6. வழக்கத்திலிருந்து விதி எடுத்தல்

மைய விதி நின்ற பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். வழக்கங்களை முதலிலேயே விதியாக்கினால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் இழுக்கும்.

வயதில் மூத்தவரிடம் ஒரு காட்சியில் ஒரு முறைதான் கேட்கலாம். மறுத்துவிட்டால் இன்னொருவரைத் தூது அனுப்ப வேண்டும் என்பது என் ஆட்டத்தின் இரண்டாவது விதி. பெரியவர்களிடம் எதிர்நின்று பேசாத பழக்கம் நம் வீடுகளில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை 'மரியாதை: -2' என்று எழுதியிருந்தால் ஆட்டக்காரர் ஓர் எண்ணைக் கழித்துவிட்டு நகர்ந்திருப்பார். தூது என்று வைத்ததால், அதுவரை சும்மா இருந்த மூன்றாம் ஆட்டக்காரர் காட்சிக்குள் வருகிறார். அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்வாரா, தன் காரியத்தையும் சேர்த்துச் சொல்வாரா என்று மேசையே காது கொடுக்கிறது. ஒரு வழக்கம் நல்ல விதியாயிற்றா என்பதை, அது இன்னொருவருக்கு வேலை கொடுக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டின் பகுதிகளில் இதற்கு நேர்மாறாகச் செய்து கெடுத்தேன். முகப்புக்கு ஒரு விதி, வளவுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என ஐந்து விதிகள். ஐந்தில் இரண்டைக்கூட ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. ஐந்தையும் அடித்துவிட்டு 'இங்கே பேசினால் யாருக்குக் கேட்கும்?' என்ற ஒரே அளவை வைத்தேன். அறையில் இருவருக்கு மட்டும். வளவில், விரும்பினால் யாரும் பேச்சில் நுழையலாம். முகப்பில் பேசினால் ஊருக்கே கேட்கும் என்பதால், அங்கே ஒப்புக்கொண்டதைப் பின்னால் மாற்ற முடியாது. அடுப்படியில் பேசுவது ஆச்சிக்கு எப்போதும் கேட்கும். வாசலிலிருந்து பின்வாசல் வரை பார்வை போகும் என்பதால், எவர் எந்தப் பக்கம் நடந்தாலும் மற்றவர்களுக்குத் தெரியும். இடங்கள் பல இருந்தும் கேள்வி ஒன்றே என்பதால், ஆட்டக்காரர்கள் தாளைப் பார்க்காமலே இடம் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை. பாத்திரத்தின் சாதியையோ பாலினத்தையோ எண்ணாக்காதீர்கள். 'ஆச்சி: சமையல் +2, பேரம் -1' என்று ஒருவர் எழுதிவந்தார். அது செட்டிநாட்டின் மணம் இல்லை, எழுதியவரின் அனுமானம். வீட்டுக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்த ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்த பெண் ஒருவர் அதே மேசையில் அமர்ந்திருந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். பாத்திரத்துக்கு வேறுபாடு வேண்டுமானால் அவருக்குத் தெரிந்த ரகசியத்திலும், கையில் இருக்கும் சாவியிலும் வையுங்கள்.

7. விதிக்குப் பெயர் வைத்தல்

சில விதிகள் மணத்திலிருந்து வராமல் ஆட்டத்தின் தேவையிலிருந்து வரும். ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காக எட்டுக் காட்சி என்ற வரம்பை வைத்தேன். 'காட்சி வரம்பு' என்று எழுதியிருந்தபோது யாரும் அதை மதிக்கவில்லை. 'இரவு சென்னை ரயில்' என்று பெயர் மாற்றி, ஒவ்வொரு காட்சி முடிவிலும் நேரத்தை நகர்த்தி, எட்டாவது முடிந்ததும் சென்னைத் தம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றதும், அதே வரம்பு எல்லோரையும் அவசரப்படுத்தியது.

பெயரைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வர வேண்டும். அழகுக்காக இலக்கியச் சொல் வைப்பது வேண்டாம். 'ஊழின் சுழல்' என்று பெயர் வைத்த ஒரு விதியை, அதை எழுதியவரே ஆட்டத்தின் நடுவில் 'அந்த மறுபடி உருட்டுற விஷயம்' என்றுதான் குறிப்பிட்டார்.

8. பெயரை நீக்கிப் பார்த்தல்

விதித் தாளைப் படி எடுத்து, எல்லாப் பெயர்களையும் அடித்துவிட்டு 'நபர் அ', 'இடம் 2', 'பொருள் 3' என்று எழுதி அரை மணி நேரம் ஆடிப்பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் முடிவெடுக்கும் இடங்களில் யோசிக்க வைக்கிறதா என்று கவனியுங்கள். வைக்காவிட்டால், இதுவரை பெயர்கள்தான் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும்.

பிறகு எதிர்ப்பக்கமாக, களத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே விதியை ஒரு விண்கலத்தில் வைத்து ஆடினால் எதுவும் இடறவில்லை என்றால், மணம் விதிக்குள் இறங்கவில்லை என்று பொருள். என் ஆட்டத்தில் தூது விதியும் 'யாருக்குக் கேட்கும்' விதியும் விண்கலத்தில் இடறின. பொருள் விற்கும் விதி இடறாமல் போனது; அதற்காகக் கவலைப்படவில்லை, எல்லா விதியும் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

9. ஆடவிட்டுக் கவனித்தல்

முதல் ஆட்டத்தை நீங்களே நடத்துங்கள். இரண்டாவதை வேறொருவர் நடத்த, நீங்கள் ஓரமாக அமருங்கள். மூன்றாவதின்போது வீட்டிலேயே இருக்காதீர்கள். தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். எழுதியவர் அருகில் இருந்தால் தாளில் இல்லாத விளக்கத்தை வாயால் நிரப்பிவிடுவார். குறை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

ஓரமாக அமரும்போது மூன்றை மட்டும் குறியுங்கள்: தாளைத் திருப்பிப் பார்த்த தருணங்கள், ஒரு பாத்திரம் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருந்தது, யாராவது கொட்டையையோ கட்டையையோ தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது. மூன்றாவதுதான் நல்ல அறிகுறி. அங்கே ஒரு முடிவு நடந்துகொண்டிருக்கிறது. ஆடி முடித்ததும் 'பிடித்திருந்ததா?' என்று கேட்டால், எல்லோரும் மரியாதைக்கு 'நல்லாருந்துச்சு' என்பார்கள். 'எந்த இடத்தில் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று நினைத்தீர்கள்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராத காட்சியைத் திருத்த வேண்டும்.

இத்தகைய குடும்பக் களத்தில் இன்னொரு முன்னெச்சரிக்கையும் தேவை. தன் சொந்த வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த இடத்தை ஒருவர் ஆட்டத்தில் ஏற்கக் கூடாது. மூத்த அண்ணன் வேறு பாத்திரத்தை எடுக்கட்டும். வீட்டில் உண்மையாகவே பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்த ஒருவர் எங்கள் மேசையில் அப்படி ஆடியபோது, கடைசிக் காட்சியில் அவர் பேசியது எதிரில் இருந்த பாத்திரத்திடம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காபி போட்டோம். இந்த விதியைத் தாளின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

10. விதித் தாளை எழுதுதல்

ஒரே ஏ4 தாள், இரண்டு பக்கம். ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் வரிசையில் எழுதுங்கள். நீங்கள் கண்டுபிடித்த வரிசை அவருக்குத் தேவையில்லை. முன்பக்கத்தில் யார் நீங்கள், என்ன வேண்டும், என்ன செய்யலாம், எப்போது உருட்டுவது, எந்த விழுச்சிக்கு என்ன விளைவு. பின்பக்கத்தில் வீட்டின் வரைபடம், ஒவ்வொரு பகுதியிலும் யாருக்குக் கேட்கும், மூன்று பொருள்கள், ரயில் நேரம்.

நடத்துபவருக்கு மட்டும் தனிச் சீட்டில், ஒரு பகுதிக்கு ஒரு வாக்கியம் வீதம், மூன்றாம் படியில் ஒதுக்கிவைத்த மணத்தை எழுதிக்கொடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதினால் அவர் தலைகுனிந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். உறவுச் சொற்களுக்குப் பொருள் அகராதி சேர்க்க வேண்டாம், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆடியவருக்கு 'அப்பச்சி' என்றால் எங்கள் பக்கம் அப்பா என்பது தெரியாது, ஆனால் கடைசித் தம்பி படத்தைப் பார்த்து "அப்பச்சி இருந்திருந்தா இப்பிடி விட்டுருப்பாகளா?" என்று கேட்டதுமே புரிந்துகொண்டார்.

தாளின் கடைசியில் நான்கு கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பாத்திரத்தின் பெயரை எழுதிவிடுங்கள். எட்டாவது காட்சியில் பேனாவைக் கையிலிருந்து கைக்கு மாற்றி, கையெழுத்துப் போடுபவர் போட, மறுப்பவர் பேனாவை மூடி அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். அதற்குப் பிறகு நடத்துபவர் எதுவும் பேசக் கூடாது.